குழாய் வாஷரில் சுற்றிய காயில்

அன்புள்ள ஐயா,

அமெச்சூர் வானொலி உரிமம் போன மாதம் கைக்கு வந்தது. வானலையில் பேசவும் கேட்கவும் ஜப்பான் செட் வாங்கக் காசும் சேர்த்துவிட்டேன். நீங்களோ சால்டரிங் அயர்னோடு உட்காரச் சொல்கிறீர்கள். கடை செட் எல்லா விதத்திலும் மேலாக இருக்கும்போது, நாமே செய்வதில் என்ன இருக்கிறது?

வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

கடை செட் மேலானதுதான், அதில் சண்டை இல்லை. காசும் மிச்சமாகாது. பொசுக்கிய பாகங்களையும் சேர்த்தால் கூடவே ஆகும்.

ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்20 செட்டைப் பாருங்கள். அன்று இங்கே காயில் சுற்றுகிற டோராய்டு வளையம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அவர் தண்ணீர்க் குழாயில் போடுகிற நைலான் வாஷரை எடுத்து அதில் கம்பியைச் சுற்றிக் காயில் செய்யச் சொன்னார். வேண்டிய அலையை மட்டும் விடுகிற 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பில்டர், அலையை உண்டாக்குகிற 4 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், இரண்டும் கூடி 14 மெகாஹெர்ட்ஸ், அதுதான் செட் பேசும் அலைவரிசை. கேட்கும்போது ஒரு திசையில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்களே பேசும்போது எதிர்த்திசையில் ஓடும். படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. சால்டர் வைக்க வைக்கத்தான் பிடிபட்டது.

என் முதல் செட்டில், எதிரே பேசுகிறவர் ஐந்து நிமிடத்தில் வாத்து மாதிரி கத்த ஆரம்பித்துவிடுவார். ஆன்டெனாவைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். ஒரு நாள் கரண்ட் போனது. செட் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, குரல் நழுவாமல் அப்படியே நிலைத்து நின்றது! தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறிதான் வில்லன். அந்தக் காற்றில் சாதா செராமிக் கெபாசிட்டரின் சூடு ஏறி இறங்க, ஆசிலேட்டரின் அலைவரிசை நழுவியிருக்கிறது. சூட்டுக்கு அசையாத என்பீஓ வகை கெபாசிட்டர் மாற்றி, மேலே ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தேன். கடை செட்டாக இருந்தால் பார்சல் கட்டி அனுப்பியிருப்பேன், விசிறிக்கும் அலைவரிசைக்கும் உள்ள சம்பந்தம் தெரியாமலே போயிருக்கும்.

ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டரை, நடுவே கரண்ட் கடத்தாத மைக்காத் தகடு வைக்காமல், சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கில் முடுக்கி, 12 வோல்ட்டை ஷார்ட் பண்ணிய கதையும் உண்டு. அதன் முதுகுத் தகடே டிரெய்ன், அதாவது 12 வோல்ட் வந்து சேரும் முனை, என்று பியூஸ்தான் சொல்லிக் கொடுத்தது.

சரி, ஜப்பான் செட்டை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே 1,000 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் 20 வாங்கி, பக்க இணைப்பில் சேர்த்துச் சால்டர் செய்யுங்கள். ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடு தயார். ஆன்டெனா இல்லாமலே சின்ன டிரான்ஸ்மிட்டரைச் சோதித்துப் பார்க்கலாம். கடைக்காரர் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை நீட்டினால் வாங்காதீர்கள், அதுவே ஒரு காயில்.