அணை போன பிறகு மீன் என்ன செய்கிறது? – கேள்வி பதில்

ஆற்று மீன்கள் என் துறை. அணை அகற்றிய ஆறுகளில் மீன்களுக்கு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மின்சார இழப்பு, கான்கிரீட் உடைப்பு பற்றியெல்லாம் பொறியாளர்களிடம் கேட்பதே சரி.

அணையை எடுத்தால் மீன் தானாக வந்துவிடும்தானே சார்? வழி திறந்தால் போதாதா?

வழி திறப்பது பாதி வேலைதான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றைப் பாருங்கள். 1913-ல் முடிந்த எல்வா அணை, 1927-ல் வந்த கிளைன்ஸ் கேன்யன் அணை, இரண்டிலும் மீன் ஏற வழியே வைக்கவில்லை. கடலிலிருந்து வரும் சால்மனுக்கு மிஞ்சியது கடைசி 8 கிலோமீட்டர். அதுவும் நல்ல ஆறாக இல்லை. மேலிருந்து வரவேண்டிய சரளையும் மரங்களும் அணைக்குப் பின்னால் நின்றுவிட, கீழே சிறுகல்லை வெள்ளம் அடித்துப்போய்ப் பெருங்கல்தான் கிடந்தது. பெண் சால்மன் வாலால் குழி பறித்து முட்டையிடும். அந்த வாலால் புரட்ட முடிகிற கல் வேண்டும்.

2011 செப்டம்பரில் உடைக்கத் தொடங்கி 2014-ல் முடித்தார்கள். தேங்கியிருந்த வண்டல் சுமார் 2 கோடி கன மீட்டர். ஆறு சேறாக ஓடியது. நுண்மண் சரளை இடுக்கை அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் போகாது; மீன் தின்னும் நீர்ப்பூச்சிகளும் குறைந்தன. அப்போது எடுத்த படங்களைக் காட்டி ‘ஆறு செத்துவிட்டது’ என்று இன்னும் சொல்கிறார்கள். முதல் மூன்று ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அப்புறம் மண் இறங்கியது, சரளை பரவியது, கிளை ஓடைகள் பிரிந்தன. கழிமுகத்தில் புதிய மணல்திட்டுகள் வளர்ந்தன; கடலுக்குப் போகும் குஞ்சுகள் தங்கி வளர அங்கே இடம் கிடைத்தது. கிளைன்ஸ் கேன்யனில் பாறைகள் விழுந்து மறித்துக்கொண்டதால் அவற்றையும் வெடிவைத்து எடுக்க வேண்டியிருந்தது.

எத்தனை வருஷத்தில் மீன் திரும்பும்?

மீனைப் பொறுத்தது. சில மீன்கள் அடுத்த பருவத்திலேயே ஏறிவிடும், சிலவற்றுக்குப் பல தலைமுறை வேண்டும்.

எங்கள் குளத்தில் சிலேபி மீன் செத்து மிதக்கிறது, என்ன செய்வது?

உடனே பக்கத்திலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லுங்கள். தண்ணீரைச் சோதிக்காமல் மருந்து ஊற்ற வேண்டாம்.

எல்லா அணையையும் எடுத்துவிடலாமா?

கூடாது. வண்டலைச் சோதிக்காமல் எந்த அணையையும் தொடக்கூடாது. 1973-ல் ஹட்சன் ஆற்றின் ஃபோர்ட் எட்வர்ட் அணையை எடுத்தபோது, பின்னால் படிந்திருந்த பிசிபி என்ற தொழிற்சாலை நஞ்சு கீழே பரவியது. வட அமெரிக்கப் பேரேரிகளில், வெளியிலிருந்து நுழைந்த, மற்ற மீன்களின் இரத்தத்தை உறிஞ்சும் கடல் லாம்ப்ரே முட்டையிட ஏறாமல் தடுப்பதே சில அணைகள்தான்.

பொரிப்பகத்தில் முட்டை பொரித்து வளர்த்த குஞ்சுகளை விட்டால் வேலை சீக்கிரம் முடியாதா?

முடியாது. அணை அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்த கலிஃபோர்னியாவின் கிளமத் ஆற்றில் 2024 பிப்ரவரியில் சுமார் 8,30,000 சினூக் (ஒரு வகை சால்மன்) குஞ்சுகளை விட்டார்கள். ஐயன் கேட் அணையின் சுரங்கவழி கடந்தபோது வாயுக்குமிழி நோயில், அதாவது உடலுக்குள் வாயு குமிழியாகி, அவற்றில் ஏராளமானவை மாண்டன.

அப்படியானால் எல்வாவில் ஏன் பொரிப்பகம் வைத்தார்கள்? காட்டு மீனின் மரபைக் கெடுக்கத்தானே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 2012-ல் நீதிமன்றம் வரை போன சண்டை இது. உங்கள் பக்கம் வலுவான சான்று உண்டு. கோடையில் ஆறேறும் ஸ்டீல்ஹெட் என்ற, கடலுக்குப் போய்த் திரும்பும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. அணைக்கு மேலே நூறாண்டு அடைபட்டிருந்த ரெயின்போ டிரவுட்டும் அதே இனம்தான். அணை போனதும் அதன் வழிவந்தவையே கடலுக்குப் போய் ஸ்டீல்ஹெட்டாகத் திரும்புகின்றன என்று மரபணு ஆய்வுகள் காட்டின. யாரும் கொண்டுவந்து விடவில்லை!

ஆனால் சினூக்குக்கு அப்படி மேலே ஒளிந்திருந்த சொந்தம் கிடையாது. சேறு ஓடும் ஆண்டுகளில் மிஞ்சிய கொஞ்சமும் அழிந்தால் எதை வைத்துத் தொடங்குவது? கீழ் எல்வா கிளாலம் பழங்குடியினர் பயந்தது அதற்குத்தான். அந்த மீனை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை அலட்சியமாகப் பேச நமக்கு உரிமையில்லை. கோஹோ என்ற இன்னொரு வகை சால்மன் மீன்களைக் கிளையாறுகளில் கொண்டுபோய் விட்டார்கள், அவை முட்டையிட்டுப் பெருகின. 2023-ல் அம்மக்கள் மறுபடி அங்கே கோஹோ பிடித்தார்கள். என் கருத்து: பொரிப்பகத்தை வையுங்கள், மூடும் தேதியோடு வையுங்கள். தேதி இல்லாத பொரிப்பகம் காட்டு மீனைத் தன் காலில் நிற்க விடாது.

நீங்கள் பொரிப்பகத்துக்கு விலைபோய்விட்டீர்கள்!

மேலே உள்ள கடைசி இரண்டு வரியை மறுபடி படியுங்கள்.

எத்தனை வருஷத்தில் மீன் வரும் சார்?

மேலே சொல்லிவிட்டேன்.

கிளமத்தில் எப்போது மீன் வரும்?

மறுபடியும் அதே கேள்வி. சரி, கிளமத்துக்கு மட்டும் சொல்கிறேன். நான்கு அணைகளில் கடைசிச் சுவர் 2024-ல் போனது, அந்த அக்டோபரிலேயே சினூக் ஆரிகன் மாநில எல்லை தாண்டி ஏறியது. ஆனால் அவை அணைக்குக் கீழே பிறந்தவை. மேலே அந்தப் பருவத்தில் இட்ட முட்டைகளின் மீன்கள் மூன்று, நான்கு வயதில், அதாவது 2027, 2028-ல்தான் பெரும்பாலும் திரும்பும். அந்த எண்ணிக்கை வந்தபின் கேளுங்கள், விரிவாகப் பேசலாம்.