கதவுக்கு வெளியே நிற்கும் கணவருக்கு

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: என் மனைவிக்கு இது தலைப்பிரசவம். 37 வாரம் முடிந்துவிட்டது. வயிற்றில் குழந்தையின் தலை மேலே இருப்பதால் சிசேரியன்தான் என்று சொல்லி, 39-ஆவது வாரத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் என்னை விடுவார்களா? விடாவிட்டால் வெளியே நின்றுகொண்டு நான் என்ன செய்ய முடியும்?
– வாசகர், நாமக்கல்

பதில்: தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குத் துணையாக ஒரு பெண் உறவினரை அனுமதிக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரே இடத்தில் பல பெண்கள் இருப்பதால் ஆண்களைப் பெரும்பாலும் விடுவதில்லை. தியேட்டருக்குள் துணைக்கு ஆள் விடுவது இன்னும் அரிது. தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் கணவரை அனுமதிக்கிறார்கள். எனவே அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் மயக்கவியல் மருத்துவன். பிரசவ அறுவைசிகிச்சைகளில் தாயின் தலைமாட்டில் நிற்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. எங்கள் மகள் பிறந்தபோது அந்தப் பொறுப்பைச் சக மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, கணவனாக மட்டும் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதுகில் ஊசி போட்ட சில நிமிடங்களில் நெஞ்சுக்குக் கீழே வலி தெரியாமல் போகும், ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும் என்று அதற்கு முன் எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த இழுப்பு வந்தபோது என் மனைவி என் விரல்களைப் பிடித்த பிடியில்தான், நான் அத்தனை நாளும் சொல்லிவந்தது என்னவென்று எனக்கே விளங்கியது. இரத்த அழுத்தம் சற்று இறங்கிக் குமட்டல் வந்தது. பிறகு தோள்களும் தாடையும் நடுங்கத் தொடங்கின. இது பலருக்கும் வருவது, தானாக அடங்கிவிடும் என்று அறிந்திருந்தும் என் தொண்டை வறண்டது. திரைக்கு அந்தப் பக்கம் நடப்பதை அவர் காதருகே மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்ததைத் தவிர அன்று நான் வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் மனைவி முதலில் குறிப்பிடுவது அதைத்தான்.

உங்களை உள்ளே விடாவிட்டால், அதையெல்லாம் முந்தின நாளே அவரிடம் சொல்லிவிடலாம். இழுப்பு தெரியும், குமட்டலாம், நடுங்கலாம், எதுவானாலும் தலைமாட்டில் இருக்கும் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கும் பெண், உள்ளே தனியாக இருந்தாலும் திகைத்துப்போவதில்லை. திட உணவை நிறுத்தி 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதால், விடியற்காலையில் அன்போடு இட்லியை நீட்டும் உறவினர்களைத் தடுப்பதும் உங்கள் வேலைதான். நட்சத்திரம் பார்த்து நாளை முன்னுக்குத் தள்ளச் சொல்வோரிடம் உறுதியாக மறுத்துவிடுங்கள். அவசரக் காரணம் இல்லாதபோது 39 வாரம் வரை காத்திருப்பது குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக. அறுவைசிகிச்சையின்போதே கருத்தடைச் சாதனமான காப்பர்-டியைப் பொருத்திவிடலாமா என்றும் மருத்துவமனையில் கேட்கக்கூடும். அது அவர் உடல், முடிவும் அவருடையது. இருவரும் இப்போதே பேசிவைத்தால், கதவருகே நீட்டப்படும் தாளில் நீங்கள் அவசரமாகத் தீர்மானிக்க வேண்டியிராது.

கத்தி வைத்து 5 முதல் 10 நிமிடங்களுக்குள் பெரும்பாலும் குழந்தையை எடுத்துவிடுவார்கள். கருப்பையிலிருந்து தோல் வரை ஒவ்வோர் அடுக்காகத் தைத்து மூடுவதற்குத்தான் அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே குழந்தை வெளியே வந்தும் தாய் வரவில்லையே என்று பதற வேண்டாம். அந்த இடைவேளை உங்களுடையது. குழந்தை நலமாக இருந்தால், செவிலியரிடம் கேட்டு, சட்டையைத் திறந்து வெறும் மார்பில் அணைத்து, மேலே துணியால் போர்த்திக்கொள்ளுங்கள்; பிறந்த குழந்தைக்கு வேண்டிய சூட்டைத் தந்தையின் உடலும் தரும். அதற்குள் யாராவது சேனை வைக்க வந்தால் விடாதீர்கள். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் குழந்தைக்குத் தொற்றைக் கொண்டுவரலாம். முதல் உணவு சீம்பாலாகவே இருக்கட்டும், முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள். மனைவியால் அப்போது புரண்டு படுக்கக்கூட முடியாது என்பதால், குழந்தையை மார்பருகே தாங்கிப் பிடிக்க உங்கள் கைகளோ செவிலியரின் கைகளோ வேண்டும். முதல் நாட்களில் பால் சில சொட்டுகளாக வருவதைப் பார்த்துப் ‘பாலே இல்லை’ என்று சொல்லிப் பால்பவுடர் டப்பாவைத் தேடாதீர்கள். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அந்த அளவே போதும்.

கேள்வி: 14 மணி நேரம் வலி எடுத்த பிறகு, குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று சொல்லி என் மனைவியை அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். என் கை நடுங்கியதில் கையெழுத்துக்கூட ஒழுங்காக விழவில்லை. இன்று ஒன்பதாம் நாள். இருவரும் நலமாக மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருகிறேன். ‘இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சுகப்பிரசவம் ஆகியிருக்கும்’ என்று என் அம்மா சொன்னதிலிருந்து மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?
– வாசகர், விருதுநகர்

பதில்: முதலில் உங்கள் அம்மாவிடம் பேசுங்கள், மனைவியிடம் அல்ல. துடிப்பு குறைந்துகொண்டே போவது, குழந்தைக்குப் பிராணவாயு போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் பொறுத்திருப்பது குழந்தையின் மூளையையும் உயிரையும் பணயம் வைப்பதாகும் என்று எடுத்துச் சொல்லுங்கள். இதைச் சொல்ல வேண்டியவர் மகனாகிய நீங்கள். தையல் காயாத பெண் மாமியாரிடம் தன் பிரசவத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். ‘சுகப்பிரசவம்’ என்ற சொல்லே, வேறு வழியில் பெற்றவர்கள் ஏதோ தவறிவிட்டார்கள் என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல்லின்மீது நெடுநாளாகவே வருத்தம் உண்டு.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-இல் தமிழ்நாட்டில் 34.1 விழுக்காடாக இருந்த சிசேரியன் 2019-21-இல் 44.9 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0. இவற்றில் தேவையற்றவை உண்டா என்று கட்டாயம் கேட்க வேண்டும், நானும் கேட்கிறேன். ஆனால் மருத்துவமனைகளையும் அரசையும் பார்த்துக் கேட்க வேண்டிய அந்தக் கேள்வியை, பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்ணிடம் யாரும் கேட்கக் கூடாது.

அழுகையைப் பொறுத்தவரை, பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்களில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது மிகச் சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்கு மேல் நீண்டாலும், குழந்தை தூங்கும்போதுகூட அவருக்குத் தூக்கம் வராவிட்டாலும், குழந்தையின்மீது ஒட்டுதல் இல்லாமல் போனாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னாலும் அன்றைக்கே போக வேண்டும், தனியாகவும் விடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவது போதாது. மத்திய அரசு ஊழியர்களுக்குத் தந்தைமை விடுப்பாக 15 நாள் உண்டு. தனியார் துறையில் அப்படிக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை என்பதால், கையிலிருக்கும் விடுப்பை எடுத்துக்கொண்டு போய்த் தங்குங்கள். மாமியார் வீட்டில் அதிக நாள் தங்குவது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக் கையில் கொடுக்கவும், பால் குடித்ததும் வாங்கித் தோளில் போட்டுத் தட்டவும், ஈரத் துணியை மாற்றவும் அந்த வீட்டில் உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. ஆறு வாரம் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் அவர் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடமும் அரிசி மூட்டையும் உங்களுடையவை. எழும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளட்டும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்தால் அதைத் தடுங்கள். பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகம் அதிகம், மலச்சிக்கலோ தையலைப் படுத்தும்.

இன்னொன்று, அடிவயிற்றுத் தையலை அவரால் சரியாகக் குனிந்து பார்க்க முடியாது. அவர் சம்மதித்தால் நாள்தோறும் நீங்கள் பாருங்கள். தையல் சிவந்து வீங்கினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுக்க இடுப்பு வலி இருக்கும் என்கிறார்களே, உண்மையா? என் மனைவிக்கு அடுத்த மாதம் அறுவைசிகிச்சை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்மையில்லை. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பின் வரும் இடுப்பு வலி, கர்ப்ப காலத்தில் தளர்ந்த தசைகளாலும், கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பதாலும் வருவதே அதிகம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையும் மடியில் ஒரு தலையணையும் வைத்துக் கொடுங்கள். வேறொரு தொல்லையை மட்டும் கவனியுங்கள். முதல் சில நாட்களில், உட்கார்ந்தால் கடுமையாக வந்து படுத்தால் குறையும் தலைவலி சிலருக்கு அந்த ஊசியால் வரும். வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று பொறுத்துக்கொள்ளாமல், ஊசி போட்ட மருத்துவமனைக்கே போய்ச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்ய எங்களிடம் வழி இருக்கிறது.