ஜெப்லினின் நான்காமவர்: ஜான் பால் ஜோன்ஸ் பற்றி நீங்கள் கேட்டவை

லெட் ஜெப்லின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் பேஸ் (கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கிட்டார்) வாசித்த ஜான் பால் ஜோன்ஸைப் பற்றி என்ன கேள்வி இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

லெட் ஜெப்லின் என்றால் ஜிம்மி பேஜின் கிட்டார், ராபர்ட் பிளாண்டின் குரல், ஜான் போனமின் டிரம்ஸ். ஜோன்ஸ் இடத்தில் வேறு யார் இருந்தாலும் அந்தக் குழு அதே உயரத்துக்குப் போயிருக்கும் அல்லவா?

போயிருக்காது. இதை நான் உறுதியாகவே சொல்வேன். 'பிளாக் டாக்' பாட்டின் அந்தப் புகழ்பெற்ற ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு) ஜோன்ஸ் கொண்டுவந்தது. 'நோ குவார்ட்டர்' அவருடைய கீபோர்டிலிருந்து பிறந்தது. 'காஷ்மீர்' பாட்டில் வயலின்களுக்கும் பித்தளைக் கருவிகளுக்கும் இசைக்கோப்பு எழுதியவர் அவர். 'ஸ்டேர்வே டு ஹெவன்' தொடக்கத்தில் கேட்கும் புல்லாங்குழல் போன்ற ஒலி, அவர் வாசித்த ரிக்கார்டர் என்ற ஊதுகுழல். 'டிராம்பிள்டு அண்டர் ஃபுட்' முழுக்க அவருடைய கிளாவினெட் என்ற மின் கீபோர்டின் மேல்தான் ஓடுகிறது. பேஸ் அவர் செய்த வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். நால்வரில் ஒரு பாட்டை முழுதாக, எல்லாக் கருவிகளோடும் சேர்த்துக் காதில் கேட்டுவிட்டு வாசித்தவர் அவர் என்றே எனக்குத் தோன்றும்.

குழுவுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்?

1946 ஜனவரி 3-ஆம் தேதி இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் உள்ள சிட்கப்பில் பிறந்தவர். இயற்பெயர் ஜான் பால்ட்வின். அப்பா பெரிய நடன இசைக்குழுக்களில் பியானோ வாசித்தவர், இசைக்கோப்பும் செய்தவர். பையன் 14 வயதிலேயே உள்ளூர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தான். பதின்வயது முடிவதற்குள் ஜெட் ஹாரிஸ், டோனி மீஹன் இருவரின் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்துவிட்டார். ஜான் பால் ஜோன்ஸ் என்ற பெயரைச் சூட்டியவர், ரோலிங் ஸ்டோன்ஸின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம்.

அப்புறம் 1964 முதல் 1968 வரை லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் செஷன் வேலை, அதாவது மற்றவர்களின் பாட்டுகளுக்குக் கூலிக்கு வாசிப்பது. இந்தக் காலத்தைப் பலரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். பாடகர் டோனவனின் 'மெல்லோ யெல்லோ' பாட்டுக்கு இசைக்கோப்பு, 'ஹர்டி கர்டி மேன்' பாட்டுக்கு இசைக்கோப்பும் பேஸும், ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஷி'ஸ் எ ரெயின்போ' பாட்டில் வயலின் பகுதி, கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் 'பெக்'ஸ் போலெரோ'வில் பேஸ். ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ் என்ற பாப் குழுவுக்கும் நிறையச் செய்தார். செஷன் கலைஞருக்கு நோட்டு கையில் வந்த சில நிமிடங்களில் வாசித்தாக வேண்டும். பாடகரை மறைக்கக் கூடாது, நேரத்தை வீணாக்கக் கூடாது, இரண்டாவது டேக்கிலாவது (பதிவு முயற்சியிலாவது) சரியாக வர வேண்டும். இந்தக் கட்டுப்பாடு பிற்பாடு அவர் தொட்ட எல்லாவற்றிலும் தெரியும்.

அவ்வளவு வேலை கையில் இருந்தவர் ஏன் பெயரே இல்லாத ஒரு புதுக் குழுவுக்கு வந்தார்?

சலிப்புதான் காரணம். மாதத்துக்கு டஜன் கணக்கில் இசைக்கோப்பு எழுதி எழுதி ஓய்ந்து போயிருந்தார். ஜிம்மி பேஜும் செஷன் உலகத்தில் இருந்தவர், ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும். பேஜ் புதிதாக ஆட்களைச் சேர்க்கிறார் என்று தெரிந்ததும், போய்க் கேளுங்கள் என்று தூண்டியவர் ஜோன்ஸின் மனைவி. 1968 ஆகஸ்டில் லண்டன் ஜெரார்டு தெருவில் ஒரு சின்ன அறையில் நால்வரும் முதல்முறை சேர்ந்து வாசித்தார்கள். அடுத்த மாதமே நியூ யார்ட்பேர்ட்ஸ் என்ற பெயரில் ஸ்காண்டிநேவியா போய்விட்டார்கள். முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தது.

அண்ணா, நான் இப்போதுதான் பேஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். ஜோன்ஸிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது? எந்தப் பாட்டுகளில் தொடங்கலாம்?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

'ராம்பிள் ஆன்' பாட்டில் தொடங்கு. மெதுவான பகுதியில் பேஸ் கழுத்தின் மேல்பக்கம் ஏறி ஒரு தனி மெட்டையே பாடும். கோரஸ் வந்ததும் கீழே இறங்கி டிரம்ஸோடு ஒட்டிக்கொள்ளும். எப்போது பாடலாம், எப்போது தாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

அடுத்து 'தி லெமன் சாங்'. அதில் பேஸ் பெரும்பாலும் எழுதிவைத்து வாசித்தது கிடையாது, கூடத்தில் அந்த நேரத்துக் கற்பனையில் வந்தது. மோடவுன் என்ற அமெரிக்க சோல் இசை நிறுவனத்தின் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஜோன்ஸுக்கு மிகவும் பிடித்தவர். அந்தச் செல்வாக்கு இங்கே வெளிப்படையாகக் கேட்கும். போனமும் மோடவுன், ஜேம்ஸ் பிரவுன் பாட்டுகளின் ரசிகர். கனமான ராக் வாசித்தபோதும் ஜெப்லினின் அடித்தளம் ஆடச் சொன்னதே, அதற்குக் காரணம் இந்த இருவரும் ஒரே மாதிரி பாட்டுகளைக் கேட்டவர்கள் என்பதுதான். நீயும் ராக் பேஸ் கற்க ராக் மட்டும் கேட்காதே.

'பிளாக் டாக்' பாட்டுக்கு அவசரப்படாதே. பிளாண்ட் தனியாகப் பாடி நிறுத்தியதும் ரிஃப் வரும். அந்த ரிஃப்பின் எடுப்பு தாளத்தை விட்டு நகர்ந்துகொண்டே போகும், போனம் மட்டும் நேர்த் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டும் எங்கே மறுபடி சேர்கின்றன என்று காலால் தட்டிக்கொண்டே கேள். காலும் காதும் ஒத்துப்போன பிறகு கருவியை எடு. 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' அதைவிடவும் பொல்லாதது. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, ரிஃப் ஜோன்ஸுடையது, தான் எழுதியதிலேயே வாசிக்கக் கடினமானது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைக் கடைசியில் வைத்துக்கொள்.

ஒன்று கவனி: அவர் பெரும்பாலும் விரலால் வாசிப்பவர், தேவைப்பட்டால் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு தகடு) எடுப்பார். இது சரி, அது தப்பு என்று யாராவது உன்னிடம் சண்டைக்கு வந்தால் கண்டுகொள்ளாதே.

மேடையில் கீபோர்டு வாசிக்கும்போது பேஸ் யார் வாசிப்பார்கள்?

அவரேதான், காலால். தேவாலய ஆர்கனில் கால் பெடல்களில் கீழ்ச்சுரங்களை வாசிப்பார்கள் அல்லவா, சின்ன வயதில் கற்ற அந்தப் பழக்கம் கடைசிவரை கைகொடுத்தது. ஒலிப்பதிவிலும் இது உண்டு: 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ' பாட்டில் பேஸ் கிட்டார் கிடையாது. ஹாமண்ட் என்ற மின் ஆர்கனும் அதன் பெடல்களும்தான். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டை மறுபடி கேளுங்கள், வேறு பாட்டாகத் தெரியும்.

எந்தக் கிட்டார் வைத்திருந்தார்?

1960-களின் தொடக்கத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்று. செஷன் காலத்திலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் அதுதான். பிறகு அலெம்பிக் நிறுவனத்து பேஸ். 1977 சுற்றுப்பயணத்தில் மாண்டலின், 12 தந்தி கிட்டார், 6 தந்தி கிட்டார் மூன்றையும் ஒரே உடம்பில் பொருத்திய, ஆண்டி மான்சன் செய்த மூன்று கழுத்துக் கருவியும் சேர்ந்துகொண்டது.

1973-இல் குழுவை விட்டுப் போய்விட முடிவெடுத்தார் என்பது உண்மையா?

உண்மை. அந்த வருட அமெரிக்கப் பயணம் முடிந்ததும், குடும்பத்தைப் பிரிந்து இப்படி அலைய முடியாது என்று மேலாளர் பீட்டர் கிராண்டிடம் சொன்னார். ஒரு கதீட்ரலில் பாடகர் குழு நடத்துநராகப் போகிறார் என்று ஒரு கதையும் உலவியது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிராண்ட் பதறாமல் ஓய்வெடுக்கச் சொன்னார். ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையில் ஜெப்லினுக்காக ஒதுக்கியிருந்த ஒலிப்பதிவு நேரம் பேட் கம்பெனி குழுவுக்குப் போனது. 1974-இல் ஜோன்ஸ் திரும்பி வந்தார். அதன் பிறகுதான் 'காஷ்மீர்' முழுமையானது. அன்று கிராண்ட் கடுமை காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

1980-க்குப் பிறகு ஆளையே காணோமே! பேஜும் பிளாண்டும் செய்தியில் இருந்தார்கள். இவர் ஓய்வு பெற்றுவிட்டாரா?

1980 செப்டம்பர் 25-ஆம் தேதி போனம் இறந்தார். பேஜின் வீட்டில் அவரை அந்த நிலையில் முதலில் கண்டவர்களில் ஜோன்ஸும் ஒருவர். டிசம்பரில் குழு கலைந்தது. அந்தக் கடைசி ஆல்பத்தில் ('இன் த்ரூ தி அவுட் டோர்', 1979) கீபோர்டு முன்னுக்கு வந்து, ஜோன்ஸின் கை ஓங்கியிருந்த நேரம் அது. குழு தொடர்ந்திருந்தால் இசை எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதற்கு அதில் தடயம் இருக்கிறது.

ஓய்வெல்லாம் பெறவில்லை. டெவன் பக்கம் குடிபோனார், வீட்டில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்துக்கொண்டார். 'ஸ்க்ரீம் ஃபார் ஹெல்ப்' படத்துக்கு இசையமைத்தார், அது 1985-இல் ஆல்பமாக வந்தது. 1988-இல் தி மிஷன் குழுவின் 'சில்ட்ரன்' ஆல்பத்தைத் தயாரித்தார். 1993-இல் பட்ஹோல் சர்ஃபர்ஸ் என்ற படு விநோதமான குழுவுக்குத் தயாரிப்பாளர். அடுத்த வருடம் பாடகி டயமாண்டா கலாஸோடு 'தி ஸ்போர்ட்டிங் லைஃப்'. இந்த ஆல்பத்தை விட்டுவிடாதீர்கள். ஏறத்தாழ கிட்டாரே இல்லாமல், பேஸும் டிரம்ஸும் கலாஸின் அலறும் குரலும் முன்னால் நிற்க ஒரு ஆல்பம் எவ்வளவு கனமாக ஒலிக்க முடியும் என்று பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஆர்.இ.எம். குழுவின் 1992 ஆல்பமான 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதில் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்', 'நைட்ஸ்விம்மிங்', 'டிரைவ்', 'தி சைட்வைண்டர் ஸ்லீப்ஸ் டுநைட்' நான்கிலும் வயலின், செல்லோ பகுதிகளை எழுதியவர் இவர்தான். 'நைட்ஸ்விம்மிங்' பாட்டில் பியானோ தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க, தந்திகள் எவ்வளவு தாமதித்து, எவ்வளவு குறைவாக உள்ளே வருகின்றன என்று கவனியுங்கள். 1967-இல் செஷன் கூடத்தில் உட்கார்ந்து எழுதிய அதே மனிதர்தான்.

லைவ் எய்டில் அவரைப் பேஸ் வாசிக்க விடவில்லையாமே?

பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டு கச்சேரியில் பேஜ், பிளாண்ட், ஜோன்ஸ் மூவரும் மறுபடி சேர்ந்தார்கள்: 1985 ஜூலை 13, பிலடெல்ஃபியா. பிளாண்டின் அப்போதைய குழுவைச் சேர்ந்த பால் மார்ட்டினெஸும் மேடையில் பேஸ் வாசித்தார், ஜோன்ஸ் கீபோர்டுக்கும் போனார். ஒத்திகை போதவில்லை, இரண்டு டிரம்மர்கள், பேஜின் கிட்டார் சுருதி சேரவில்லை. மொத்தத்தில் மோசமான நிகழ்ச்சி. அதைப் பார்த்துவிட்டு அவரை எடைபோட வேண்டாம்.

1994-இல் பேஜும் பிளாண்டும் இவரை விட்டுவிட்டுச் சேர்ந்தது சரியா?

யாருடன் வாசிப்பது என்பது அவர்கள் உரிமை. ஆனால் இவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதுதான் தவறு. அதிலும் அந்த ஆல்பத்துக்கு 'நோ குவார்ட்டர்' என்று, இவர் மூளையில் உதித்த பாட்டின் பெயரையே வைத்தார்கள். 1995 ஜனவரியில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் மூவரும் ஒரே மேடையில் நின்றபோது, என் தொலைபேசி எண் கடைசியில் நினைவுக்கு வந்ததற்கு நன்றி நண்பர்களே என்று சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு அவரே முன்னுக்கு வந்து 1999-இல் 'ஜூமா', 2001-இல் 'தி தண்டர்தீஃப்' என்று தனி ஆல்பங்கள் போட்டார். இரண்டில் முதலாவதுதான் என் தேர்வு.

2007 ஓ2 அரங்க நிகழ்ச்சிக்குப் பிறகு ஏன் சுற்றுப்பயணம் போகவில்லை?

லண்டன் ஓ2 அரங்கில் ஜெப்லின் மறுபடி சேர்ந்து வாசித்த அந்த டிசம்பர் 10 நிகழ்ச்சியில் போனமின் மகன் ஜேசன் டிரம்ஸ் வாசித்தார். முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. 61 வயதில் ஜோன்ஸ் அந்த ரிஃப்பைத் தடுமாறாமல் வாசித்தார். பிறகு பிளாண்ட் அமெரிக்கப் பாடகி அலிசன் க்ராஸோடு வேறு பாதையில் போய்விட்டார். மற்ற மூவரும் வேறு பாடகர்களை வைத்து ஒத்திகை பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. ஒரு விதத்தில் நல்லதே நடந்தது. 2009-இல் டேவ் க்ரோல், ஜோஷ் ஹோமி என்ற இரண்டு அமெரிக்க ராக் கலைஞர்களோடும் சேர்ந்து ஜோன்ஸ் 'தெம் க்ரூக்டு வல்ச்சர்ஸ்' குழுவைத் தொடங்கினார். அவர்களுடைய 'நியூ ஃபேங்' பாட்டுக்கு 2011-இல் கிராமி விருது கிடைத்தது. தன்னைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர்களோடு வாசிக்கும்போது அவர் பழைய புகழைக் காட்டிக்கொள்ளவே இல்லை. மூவரில் ஒருவராக வாசித்தார்.

குயீன் குழுவில் பேஸ் வாசித்த ஜான் டீக்கன் போல மரியாதையாக ஒதுங்கியிருக்கலாமே? எதற்கு இந்த வயதில் சின்னச் சின்ன மேடைகள்?

பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்த பிறகு டீக்கன் ஒதுங்கியது அவருடைய துக்கம், அவருடைய முடிவு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒதுங்குவதுதான் மரியாதை என்பதை ஏற்க மாட்டேன். ஜோன்ஸ் 2007-இல் அங்கிள் ஏர்ல் என்ற பெண்கள் நாட்டுப்புறக் குழுவுக்கு ஆல்பம் தயாரித்தார். 2011-இல் லண்டன் ராயல் ஆபரா ஹவுஸில் 'அன்னா நிக்கோல்' ஆபராவில் (பாடியே நடிக்கும் நாடகம்) மேடையிலேயே பேஸ் வாசித்தார். நார்வேயின் சூப்பர்சைலன்ட் குழுவோடும் பின்லாந்து செல்லோ கலைஞர் அன்ஸி கார்ட்டுனனோடும் முன்கூட்டி எதுவும் எழுதாமல் மேடையில் கற்பனையாக வாசித்தார். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் நாக்ஸ்வில்லில் பிக் இயர்ஸ் விழாவில் தனியாக ஒரு கச்சேரி செய்தார், 78 வயதில். அரங்கம் பெரியதா சின்னதா என்பது நமக்குத்தான் கவலை. அவருக்கு வாசிக்கப் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் ராக் அதிகம் கேட்காதவள். ஜோன்ஸுக்காக ஒரே ஒரு பாட்டு என்றால் எதைக் கேட்கட்டும்?

'நோ குவார்ட்டர்', 1973 ஆல்பத்தில் இருக்கும் வடிவம். மேடையில் இருபது நிமிடத்துக்கு மேல் நீட்டியதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரவில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். நடுவில் எல்லாம் அடங்கிப் பியானோ மட்டும் நடக்கும் ஓர் இடம் வரும், அதைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பிடித்திருந்தால் சொல்லுங்கள், அடுத்தது 'தி ரெயின் சாங்' தருகிறேன்.