மகள் பைலட் ஆக விரும்புகிறாள்: கடன் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் பைலட் ஆக வேண்டும் என்கிறாள். வீட்டை அடமானம் வைத்தால் பயிற்சிச் செலவைச் சமாளித்துவிடலாம். ஆனால் அந்த வேலையில் அழுத்தம் மிக அதிகம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் வேறாக இருக்கலாம். இன்ஜின் கோளாறு, மோசமான வானிலை போன்றவற்றை, நிஜ விமானம்போல இயங்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழக்கிவிடுவார்கள். ஆளை மெல்ல அரிப்பது தூக்கக் குறைவுதான். அதிகாலை நாலு மணிக்கு டூட்டி என்றால் இரண்டு மணிக்கே எழ வேண்டும். அதற்காக முந்தைய நாள் மாலை ஏழு மணிக்குப் படுத்தால் தூக்கம் வந்துவிடுமா? இரண்டு நாள் கழித்து ரோஸ்டரில் (டூட்டி அட்டவணையில்) நள்ளிரவு டூட்டி இருக்கும். இரவு 2 முதல் காலை 6 மணி வரை உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் சில நாள் விமானத்தைத் தரையிறக்க வேண்டி வரும்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பயணத்தின் பெரும்பகுதியில் கேப்டன் தூங்கியிருந்தார், விமானி அறையின் குரல் பதிவில் குறட்டைச் சத்தம்கூட இருந்தது என்கிறது விசாரணை அறிக்கை. இறங்காமல் மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி சொன்னதும் அதில் பதிவாகியிருக்கிறது. கேப்டன் கேட்கவில்லை. உங்கள் மகள் முதலில் உட்காரப்போவது அந்தத் துணை விமானியின் இருக்கையில்தான். பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். அங்கே போனதும், தப்பு என்று பட்டால் வயதில் மூத்த கேப்டனிடம் அந்த நொடியே உரக்கச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், கணக்கு மார்க்கைவிட இந்தக் குணம் அவளிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓய்வு விதிகள் முன்பைவிட நன்றாகவே ஆகியிருக்கின்றன. 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ திருத்திய விதிப்படி வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவு டூட்டியில் 6 வரை இருந்த தரையிறக்கங்கள் 2 ஆகக் குறைந்தன. ஆனால் 2025 நவம்பரில் அவை முழுமையாக அமலுக்கு வந்த அடுத்த மாதமே அதற்கேற்ப விமானிகளை ஒதுக்க முடியாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது, அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளிலிருந்து தற்காலிக விலக்கும் கிடைத்தது. ஆகவே காகிதத்தில் இருக்கும் ஓய்வை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அப்புறம், லைசென்ஸ். ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் தேர்வு. முப்பது வருஷ அனுபவசாலிக்கும் இதே கதைதான். லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் தூக்கமின்மையையோ மனச்சோர்வையோ டாக்டரிடம்கூட மறைப்பவர்கள் உண்டு. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். எதையும் வீட்டில் சொல்லலாம் என்ற தைரியத்தை அவளுக்கு இப்போதே கொடுங்கள்.

சரி, கடன் விஷயம். முதலில் பயிற்சி தொடங்கத் தேவையான கிளாஸ் 2, பிறகு வணிக விமானிக்குத் தேவையான கிளாஸ் 1 மருத்துவச் சான்று வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டாம், வங்கிப் பக்கமும் போக வேண்டாம். 200 மணி நேரம் பறந்து வணிக விமானி லைசென்ஸ் வாங்கினாலும் உடனே வேலை கிடைத்துவிடாது. குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம் ஆகலாம். அதையும், சம்பளம் இல்லாமல் ஓரிரு வருஷம் தவணை கட்டுவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வீடு தாங்கும் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.