செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகள்: கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

அண்ணே, பாட்டையா கட்டிய வீடு. இப்போது 34 பங்கு. பாதிப்பேர் வெளிநாட்டில். எங்கே தொடங்குவது?

கொத்தனாரைக் கூப்பிடும் முன் வம்சாவளியை எழுதுங்கள். கோயில் புள்ளிக் கணக்கை, அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக எழுதும் நகரத்தார் கோயில் பதிவை, அப்படியே எடுத்துவிடாதீர்கள். அதில் பெண்மக்கள் கணவர் வீட்டோடு போய்விடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரிந்திருந்தால் கதை வேறு. இறந்தவர்கள் எல்லோருக்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டுப் பங்காளிகள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பட்டும். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள்.

இன்னொன்று. வளவை, அதாவது வீட்டின் நடுவே தூண்கள் சூழ்ந்த முற்றப்பகுதியை, சுற்றியுள்ள அறைகளை ஆளுக்கொன்று என்று பிரிக்காதீர்கள். அறைக்குச் சொந்தக்காரர் இருப்பார், ஓட்டுக்கூரைக்கு யாரும் இருக்கமாட்டார். நான் பார்த்தவரை வீடு விழுவது இப்படித்தான். மொத்த வீட்டையும் பொதுவில் வைத்து, பங்கு விகிதத்தில் ஆண்டுச் செலவு போடுங்கள்.

ஒரே ஒரு பங்காளி மட்டும் எதற்கும் ஒத்துவரவில்லை.

1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டைப் பிரிக்க வழியில்லை என்றால், பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டால், விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். மற்ற பங்காளிகள் மதிப்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் வழக்கு முடிவதற்குள் நாலைந்து மழைக்காலம் போய்விடும். அவர் பங்கைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே மலிவு.

காவலுக்கு வைத்தவர் குடும்பம் இப்போது வீடு தங்களுடையது என்கிறதே?

நீங்கள் அனுமதித்து இருப்பவருக்கு வருடக்கணக்கை வைத்து மட்டும் உரிமை வராது. 'இது என்னுடையது' என்று உங்களை வெளிப்படையாக மறுத்து 12 வருடம் இருந்தால்தான் சிக்கல். அவர்கள் இப்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டதால் சும்மா இருக்காதீர்கள். வீட்டு வரி ரசீதுகளோடு இந்த மாதமே வக்கீலைப் பாருங்கள்.

கையில் கொஞ்சம்தான் பணம். எதை முதலில் செய்வது?

கூரை. இரண்டு கூரை சேரும் கூடல்வாயைப் பாருங்கள். அங்கே தகரம் துருப்பிடித்திருந்தால் ஒழுகும் நீர் நேரே சுவருக்குள் இறங்கும். பர்மா தேக்கைக் கரையான் அவ்வளவு எளிதில் தொடாது. ஆனால் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனை ஈரத்தில் மக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உளியால் குத்திப் பார்க்க வேண்டும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் துவாரம் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் சுவரில் முளைத்த அரசஞ்செடி. மேலே வெட்டினால் திரும்ப வரும், வேரோடு எடுக்க வேண்டும். பெயின்ட்டை மறந்துவிடுங்கள்.

உதிர்ந்த பூச்சுக்கு மேல் சிமென்ட் பூசலாமா?

கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைக்கும். இரண்டு வருடத்தில் பழைய பூச்சையும் பிய்த்துக்கொண்டு விழும். முட்டை வெள்ளைக்கருவுக்கு எங்கே போவது என்று பயப்படாதீர்கள், அது கடைசி வழவழப்புப் பூச்சுக்குத்தான். அடிப்பூச்சுக்கு நன்றாகப் புளிக்கவைத்த சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் போதும்.

தூண்களுக்கு நல்ல விலை தருகிறேன் என்று ஒருவர் வருகிறார்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிப் பாருங்கள், யார் யார் வீட்டு நிலைக்கதவு என்று தெரியும். தூணைக் கழற்றிய வளவு நிற்காது. விற்பதென்றால் வீட்டை முழுதாக விற்றுவிடுங்கள், அதில் தவறே இல்லை.

எல்லோரும் ஹோட்டலாக்கச் சொல்கிறார்கள். சரிவருமா?

கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் எடுத்து நடத்திய கொத்தமங்கலம் சாரதா விலாஸ் எல்லாம் நல்ல உதாரணங்கள்தான். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே செட்டிநாடு சேர்ந்துவிட்டது. ஆனால் இங்கே பெரிய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அத்தனைக்கும் விருந்தாளி வரமாட்டார்கள். முகப்பை மட்டும் அலுவலகத்துக்கோ தறிக்கூடத்துக்கோ வாடகைக்கு விட்டு, வளவைக் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். தினமும் ஒருவர் கதவைத் திறந்தால் ஒழுகல் அன்றே கண்ணில் படும்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மங்கிவிட்டது. ஆசிட் போடலாமா?

வேண்டாம், நிறம் போய்விடும். துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு. நடக்க நடக்கப் பளபளப்பு வரும்.