குவாம் விடுதி முன்பதிவு: தேதியை ஒரு நாள் தள்ளுங்கள்

பசிபிக் கடலில் உள்ள அமெரிக்கத் தீவான குவாமில் 10ஆம் தேதிக்கு அறை போட்டிருக்கிறேன், ஆனால் டிக்கெட் 11ஆம் தேதி இறங்குவதாகக் காட்டுகிறதே, பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அறையை 10ஆம் தேதியிலிருந்து 11க்கு மாற்றுங்கள். ஹவாயின் ஹோனலுலுவில் 10ஆம் தேதி விமானம் ஏறி, 11ஆம் தேதி குவாமில் இறங்குவதாக டிக்கெட் காட்டுவது சரிதான்.

காரணம் சர்வதேசத் தேதிக்கோடு: பசிபிக் கடலின் நடுவே செல்லும் இந்தக் கற்பனைக் கோட்டைத் தாண்டினால் தேதி ஒரு நாள் மாறும். இரண்டும் அமெரிக்காதானே என்று நினைத்து ஒரே தேதிக்கு அறை போட்டிருப்பீர்கள், ஆனால் குவாம் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் அங்கே கடிகாரம் ஹவாயைவிட 20 மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிளம்பும் நேரத்தோடு 20 மணி, அதோடு பயண நேரம் சுமார் 8 மணி. 10ஆம் தேதி காலை 10 மணிக்குக் கிளம்பினால் 11ஆம் தேதி பிற்பகல் 2 மணி. டிக்கெட்டும் ஏறக்குறைய இதையே காட்டினால் கவலை இல்லை.

விடுதிக்கு இன்றே எழுதுங்கள். முதல் நாள் வராதவர்களின் முன்பதிவை முழுவதுமாக ரத்து செய்யும் விடுதிகள் உண்டு.

திரும்பும்போது இதே விஷயம் தலைகீழாகும்: குவாமில் காலையில் ஏறினால் ஹவாயில் முந்தைய நாள் மாலை இறங்குவீர்கள், அதனால் அங்கே கூடுதலாக ஒரு இரவுக்கு அறை தேவைப்படலாம். அமெரிக்கப் பகுதியாக இருந்தாலும் குவாம் அமெரிக்கச் சுங்க எல்லைக்குள் வராது, ஆகவே சோதனைக்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், குவாமில் துமோன் கடற்கரைப் பக்கம் தங்கினால் கடைகளும் கடலும் நடக்கும் தூரம். தெற்கே தீவின் பூர்வகுடிகளான சாமோரோ மக்களின் கிராமங்களைப் பார்க்கக் கார் வேண்டும், பேருந்தை நம்ப முடியாது. ஜூலை முதல் நவம்பர் வரை மழைக்காலம், புயலும் வரும். அந்த மாதங்களில் போகிறீர்கள் என்றால் ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள்.