பதில்: ஏ.சி.எல். ஆபரேஷன் முடிந்து நாலு மாதம், அரைமண்டி போடலாமா?

தங்கச்சி, நான் காட்பாடியிலிருந்து எழுதுறேன். முட்டிக்குள்ள இருக்கிற ஏ.சி.எல். நாருக்குப் பதிலா புது நார் வச்சு நாலு மாசமாச்சு, வலியே இல்லை, சித்திரையில் பரதநாட்டிய மேடை ஏறலாமான்னு கேட்டிருந்தீங்க. வலி இல்லாததுதான் என்னையும் ஏமாத்துச்சு. இதே ஆபரேஷன் முடிஞ்ச ஐந்தாம் மாசமே தட்டடவு (பாதத்தைத் தரையில் தட்டி ஆடுற அடவு) போட்டேன். முட்டி வீங்கி மறுபடி ஒரு மாசம் படுத்துட்டேன்.

உள்ளே வச்ச புது நார் உறுதிப்பட மாசக்கணக்காகும். வலி போனதை வச்சு அதைக் கணிக்க முடியாது. குதிச்சுத் திரும்புற வேலைக்குப் பொதுவா 9 மாசமாவது பொறுக்கச் சொல்வாங்க. அப்பவும் அடிபட்ட காலோட தொடை பலம் மற்ற காலில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்கணும். பிசியோதெரபிஸ்ட்கிட்ட "டான்ஸ் ஆடுவேன்"னு மட்டும் சொல்லாதீங்க, அரைமண்டி (முட்டியை வெளிப்பக்கமா மடக்கிப் பாதி உட்கார்ற நிலை) வீடியோவைக் காட்டுங்க. இடுப்பிலிருந்து திரும்பாம பாதத்தை மட்டும் வெளியே திருப்பினா பாரம் முழுக்க முட்டியை முறுக்கும். முழுசா கீழே உட்கார்ற முழுமண்டி எல்லாத்துக்கும் கடைசி.

இப்போதைக்கு நாற்காலியில் உட்கார்ந்து பதம் (முகபாவமும் கையசைவும் முக்கியமான பாட்டு) செய்யுங்க. அந்தக் காலத்திலேயே உட்கார்ந்து அபிநயம் பிடிச்சவங்க உண்டு. தட்டுக்கழி எடுத்து, தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துற நட்டுவாங்கமும் பழகுங்க. எனக்குத் தாளம் நிஜமா கைவந்தது அந்த மாசங்களில்தான்.

"இனி நான் யாருமில்லை"ன்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரலை. நம்ம வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவிழந்தவங்க. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சாங்க. பாகாயத்து மறுவாழ்வு மையம் அவங்க முயற்சியில் வந்ததுதான்.

படி இறங்கும்போது முட்டி நழுவுற மாதிரி இருந்தா உடனே டாக்டரைப் பாருங்க. நாரை எங்கிருந்து எடுத்து வச்சாங்கன்னும் எழுதுங்க, பயிற்சி அதுக்கேத்தபடி மாறும்.